பீலிங் அறை ஏர் சத்தம்: அழுத்தத்தைக் குறைப்பதா, நாசிலை மாற்றுவதா, பெட்டி அடிப்பதா, செவியை அடைப்பதா?

குமரி மாவட்டத்தில் களியக்காவிளைக்கும் கருங்கலுக்கும் நடுவில் கம்ப்ரஸர் லைன் போட்டுக் கொடுப்பது என் வேலை. கொஞ்ச நாளாக என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். "அண்ணே, பீலிங் ரூமுல நிக்க முடியல. ரெகுலேட்டரைக் குறைக்கவா, நாசிலை மாத்தவா, மிஷினைச் சுத்தி பெட்டி அடிக்கவா? இல்லாட்டி எல்லாருக்கும் செவிக்கு பிளக் வாங்கிக் குடுத்துட்டு விட்டுரவா?" அண்டியாபீஸ், அதாவது முந்திரிப் பருப்பு ஆலை, வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பாறசாலைப் பக்கம் தச்சுப்பட்டறை நடத்தும் ஒருவரும், குழித்துறையில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவரும் அதையே கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முந்திரி பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஓட்டை உடைத்து எடுத்த பருப்பை போர்மா என்ற சூட்டு அறையில் உலர்த்துவார்கள். பருப்பு சுருங்கும், மேலே ஒட்டியிருக்கும் செந்தோல் மொரமொரப்பாகும். அப்புறம் பீலிங் மிஷினுக்குள் போட்டு, கம்ப்ரஸர் காற்றை நாசில் என்ற ஊதுமுனை வழியே விட்டு விட்டு அடித்துத் தோலைக் கழற்றுவார்கள். அந்த அடிதான் சத்தம்.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோல்களை வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதுதான் நல்ல வழியாகத் தெரியும்.

முதல் கேள்வி: வேலை செய்கிறவரின் காதில் எத்தனை டெசிபல் குறைகிறது? மிஷின் வாயில் அல்ல, காதில். 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள், ஆனால் காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. 10 டெசிபல் குறைந்தால்தான் "சத்தம் பாதியாச்சே" என்று ஆள் சொல்வார். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரத்தோடு அன்றைய பங்கு முடிந்தது. நம் தொழிற்சாலை விதிகளில் பழகிய வரம்பு 8 மணி நேரத்துக்கு 90. அது தாராளமான வரம்பு. என் கணக்கில் 85தான் இலக்கு. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோயாகவே இடம்பெற்றது. "சத்தம்தானே" என்று சொல்லித் தப்பிக்கும் காரியம் இல்லை இது.

இரண்டாவது, பருப்பு. தோல் முழுதாகப் போகிறதா, பருப்பு உடைகிறதா? டபிள்யூ 320 என்ற பெயரில் உள்ள எண், ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதைச் சொல்வது; முழுப்பருப்புக்குத்தான் அந்த விலை. பிளந்துவிட்டால் வேறு கிரேடு, வேறு விலை.

மூன்றாவது, காற்றின் செலவு. கம்ப்ரஸர் காற்று ஓசிக்காற்று என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 6 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) ஒரு 3 மி.மீ. துளை தொடர்ந்து திறந்திருந்தால் ஏறக்குறைய 20 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 20 கன அடி காற்று, போகும். ஒரு எச்.பி.க்கு 4 சி.எஃப்.எம். என்ற பட்டறைக் கணக்கில் பார்த்தால், பென்சில் முனையளவு துளைக்காக 5 எச்.பி. மோட்டார் ஓடுகிறது. மணிக்கு நான்கு யூனிட்டுக்குப் பக்கம்.

பராமரிப்பு நான்காவது. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: மூன்று மாதம் கழித்தும் அதைப் பயன்படுத்துவார்களா?

## சத்தம் பிறப்பது இரும்பில் அல்ல

இதைத் தெரியாமல் வாங்குகிற எதுவும் வீண். நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு மிஷினின் நாசிலைச் சுற்றி ரப்பர் ஷீட்டும் சாக்கும் கட்டி, கம்பி போட்டு இறுக்கி, பெருமையோடு வால்வைத் திறந்தேன். முன்பு இருந்த சத்தம் அப்படியே இருந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, சாக்கை மட்டும் திருப்பிக் கேட்டார்.

சானல் (கால்வாய்) தண்ணீர் குளத்துக்குள் பாயும் இடத்தைப் பாருங்கள். நடுவில் தண்ணீர் நேராக ஓடும். இரண்டு ஓரங்களிலும், ஓடும் தண்ணீர் நிற்கும் தண்ணீரை உரசும் இடத்தில், சுழிகள் உருண்டுகொண்டே போகும். வாயருகே சின்னச் சுழி, தள்ளிப் போகப் போகப் பெரிய சுழி. நாசிலிலிருந்து வரும் காற்றிலும் இதேதான் நடக்கிறது. துளையின் விட்டத்தைப்போல நான்கைந்து மடங்கு தூரம் வரை நடுக்காற்று கலங்காமல் போகும். அதன் பிறகு சுழிகள் நடு வரை தின்றுவிடும். அந்தச் சுழிகள் ஒன்றையொன்று இழுத்து முறுக்கும்போது அங்கே அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு சிறு பங்கு கழன்று ஒலியாக வெளியே ஓடுகிறது. வாயருகே உள்ள சின்னச் சுழிகள் கீச்சென்ற ஒலியையும், தள்ளியுள்ள பெரிய சுழிகள் தடித்த ஒலியையும் தரும். ஆக, சத்தம் பிறப்பது நாசிலுக்கு வெளியே வெறும் காற்றில். இரும்புக்குச் சாக்கு கட்டினால் என்ன, பட்டு கட்டினால் என்ன?

இதைக் கணக்காக எழுதியவர் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், 1952இல். ஜெட் விமானங்கள் வந்து ஊர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்த காலம் அது. அவர் கண்டது இதுதான்: ஜெட் இரைச்சலின், அதாவது துளையிலிருந்து பீறிடும் காற்றின் சத்தத்தின், ஆற்றல் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் இரைச்சல் 256 மடங்கு, அதாவது 24 டெசிபல். துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் வெறும் 4 மடங்கு, 6 டெசிபல். வேகம்தான் எஜமான், துளை கணக்குப்பிள்ளை. (பிற்காலத்தில் இதே மனிதர் ஒரு தீவைச் சுற்றி நீந்தும்போது 1998இல் இறந்துபோனார். வாழ்நாள் முழுக்க அலைகளை விடவில்லை.)

இரண்டு சேர்க்கை உண்டு. ஜெட் போய் ஒரு கூரான விளிம்பிலோ வலைக்கம்பியிலோ மோதினால், அந்தச் சத்தம் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். எட்டைவிட ஆறு குறைவுதானே என்று மகிழ வேண்டாம். வேகம் குறைவாக இருக்கும்போது இந்த மோதல் சத்தம்தான் மேலோங்கும். அடுத்தது, ஏறக்குறைய 0.9 பாருக்கு மேல் போனாலே சாதாரணத் துளையின் வாயில் காற்று ஒலிவேகத்தை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் தரும் அழுத்தம் வெளியே வந்துதான் வெடித்து விரியும். அங்கே மாலையில் கோத்த மணிகள் போல அதிர்ச்சி அலைகள் வரிசையாக நிற்கும். சுழிகள் அவற்றைக் கடக்கும்போது தனியாக ஒரு இரைச்சல். சில அழுத்தங்களில் அந்த ஒலி திரும்பி வந்து நாசில் உதட்டைத் தட்டி, புதுச் சுழியைக் கிளப்பி, ஒரே சுருதியில் விசிலடிக்கும். 1953இல் ஆலன் பவல் இதை விளக்கினார். உங்கள் மிஷின் 5 பாரில் விசிலடித்து 4.5 பாரில் சும்மா இருந்தால், அது பேய் இல்லை, இதுதான்.

## அழுத்தத்தைக் குறைப்பது

எல்லோரும் முதலில் தொடுவது காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத்தான். செலவும் கம்மி. ஆனால் எதிர்பார்ப்பு தப்பு.

6 பாரில் உள்ள காற்று முழுதாக விரிந்தால் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகம் எட்டும். 3 பாரில் 440. அழுத்தம் பாதியாகியும் வேகம் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது! எட்டாம் அடுக்கு விதி ஒலிவேகத்துக்குக் கீழே உள்ள ஜெட்டுக்குத்தான் ஒழுங்காகப் பொருந்தும், மேலே அது தோராயம். அந்தத் தோராயத்தில் பார்த்தால் வேகத்தால் மட்டும் நான்கைந்து டெசிபல் கிடைக்கும். அதிர்ச்சி அலைகளும் தளர்வதால் இன்னும் கொஞ்சம். உண்மையான லாபம் 1 பாருக்குப் பக்கத்தில்தான் வருகிறது: வேகம் 330, இரைச்சல் 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். ஆனால் 1 பாரில் முந்திரித் தோல் சிரிக்கும், போகாது.

மறுபக்கம் காற்றுச் செலவில் இது ராஜா. 6இலிருந்து 3க்கு இறக்கினால் அதே துளையில் போகும் காற்று நூற்றுக்கு 43 குறையும். அடிக்கும் நேரத்தைக் குறைப்பதைத் தவிர மற்ற எந்த வழியும் கரண்ட் பில்லை இப்படித் தொடாது.

மறைந்த செலவு பருப்பில் இருக்கிறது. தோல் ஒட்டிய பருப்பு மறுபடி மிஷினுக்குப் போனால், இரண்டாம் சுற்றில் உடைவது கூடும். சத்தம் கேட்கும் நேரமும் கூடும். அதனால் ஒரேயடியாக இறக்காதீர்கள். அரை பார் குறைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டி, தோல் ஒட்டியது எவ்வளவு, பிளந்தது எவ்வளவு என்று எடை போட்டு எழுதுங்கள். அப்புறம் அடுத்த அரை பார். அழுத்தத்தை நாசில் பக்கத்தில், காற்று ஓடும்போது பாருங்கள். கம்ப்ரஸர் டாங்கில் 7 என்று காட்டும், பதினைந்து மீட்டர் மெல்லிய டியூபுக்கு அந்தப் பக்கம் 5தான் இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், என்னிடம் கேட்டவர்களில் ஒருவர்கூட இதை யோசிக்கவில்லை. ஏன் 6 பார் தேவைப்படுகிறது? தோல் ஒட்டியிருப்பதால். ஏன் ஒட்டியிருக்கிறது? போர்மாவில் மேல் தட்டு காய்ந்து கீழ்த் தட்டு பச்சையாக இருப்பதால். தட்டுகளை முறையாக மாற்றி, சூடு எல்லா இடத்திலும் ஒன்றாகச் சேரும்படி செய்தால் தோல் தானே கழறத் தயாராகும். ஒரு பார், ஒன்றரை பார் குறைத்தாலும் வேலை நடக்கும். சத்தத்துக்கு மருந்து அடுத்த அறையில் கிடக்கிறது. நான் விற்கிற சாமான் இல்லை என்பதால் இதை நம்பலாம்.

## நாசிலை மாற்றுவது

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, பெரிய துளைக்குப் பதில் பல சிறு துளைகள். இன்னொன்று, மெல்லிய வட்டப் பிளவிலிருந்து வரும் காற்று வளைந்த சுவரை ஒட்டி ஓடி, அறைக்காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும் வகை.

பல துளை நாசிலின் சூட்சுமம் அழகானது. ஜெட் இரைச்சல் எந்தச் சுருதியில் உச்சமாக இருக்கும் என்பதை வேகத்தை விட்டத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் தோராயமாகத் தெரியும். நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் 6 மி.மீ. குழாய் என்றால் 11,000 ஹெர்ட்ஸ் பக்கம். காதுக்கு நன்றாகவே கேட்கும். அதே பரப்பை 36 ஒரு மி.மீ. துளைகளாகப் பிரித்தால் உச்சம் 68,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். மனிதக் காது 20,000க்கு மேல் கேட்காது, அவ்வளவு கீச்சு ஒலி காற்றிலேயே சீக்கிரம் தேய்ந்தும் போகும். மொத்த ஒலி ஆற்றல் பெரிதாகக் குறையவில்லை. நம் காதுக்கு எட்டாத இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. துளைகள் நெருக்கமாக இருந்தால் சிறு ஜெட்டுகள் சேர்ந்து மறுபடி ஒரு பெரிய ஜெட் ஆகிவிடும். மலிவு நாசில்களில் இந்தக் கோளாறு உண்டு.

தூசி ஊதும் கைத்துப்பாக்கிக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. வெறும் குழாய் முனையை இப்படி மாற்றினால் 10 டெசிபல் வரை குறைவது சாதாரணம். பாறசாலைத் தச்சருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நாசிலை மாற்றுங்கள், துப்பாக்கிக்கு 2 பாருக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த 2 பார் சத்தத்துக்காக மட்டும் அல்ல. சேலையில், சட்டையில் ஒட்டிய தூசியைத் துப்பாக்கியால் ஊதிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் எல்லா இடத்திலும் இருக்கிறது. தோலில் கீறல் இருந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். கண்ணையும் செவிப்பறையையும் கெடுத்துவிடும். விளையாட்டுக்குக்கூட யார்மேலும் பிடிக்கக் கூடாது.

பீலிங் மிஷினில் கதை வேறு. கலங்காத நடுக்காற்று நான்கைந்து விட்டத் தூரம்தான் என்றேனே, 6 மி.மீ. துளைக்கு அது இரண்டரை, மூன்று செ.மீ. ஒரு மி.மீ. துளைக்கு அரை செ.மீ. பருப்பு உருளும் இடம் அதற்கு அப்பால் இருந்தால் காற்று போய்ச் சேரும்போது தெம்பு இருக்காது. தோல் போகவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டுவார்கள், போட்ட காசு போச்சு. அறையின் உள்வடிவம் துளைக்குப் பக்கத்தில் பருப்பு வரும்படி இருந்தால் மட்டும் மாற்றிப் பாருங்கள். சிறு துளைகள் எண்ணெயிலும் துருவிலும் அடைபடும் என்பதால் ஃபில்டர் கட்டாயம், தினமும் டாங்க் தண்ணீர் வடிப்பதும் கட்டாயம். நம் ஊர் ஈரத்தில், இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டத்தில், டாங்கில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

காற்றை இழுக்கும் வகையை ஏன் சொல்கிறேன் என்றால் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. இரைச்சல் எட்டாம் அடுக்கில். வேகத்தைப் பாதியாக்கி, பரப்பை நான்கு மடங்காக்கினால் தள்ளும் விசை மாறாது, இரைச்சல் 64இல் ஒரு பங்காகும், அதாவது 18 டெசிபல் குறைவு. விமான எஞ்சின்கள் வர வர அகலமாகிக்கொண்டே போனதற்கு ஒரு காரணம் இதுதான். திருவனந்தபுரத்தில் இறங்கும் இன்றைய விமானத்தின் எஞ்சின் வாய் அந்தக் காலத்து ஒல்லிக் குழாய் எஞ்சினைவிட எவ்வளவு பெரிது என்று பாருங்கள். ஆனால் இப்படிச் செய்தால் காற்றின் அளவு இரண்டு மடங்கு வேண்டும். அந்தக் கூடுதல் காற்றைக் கம்ப்ரஸரிலிருந்து எடுக்காமல் அறையிலிருந்தே இழுத்துக்கொள்வதுதான் இந்த நாசிலின் வேலை.

இங்கேதான் பீலிங்கில் இரண்டு வேலை கலந்து கிடப்பது தெரியும். ஒட்டிய தோலைக் கழற்றுவது ஒன்று. கழன்ற தோலை வெளியே பறக்கவிடுவது இன்னொன்று. முதலாவதற்குக் கூர்மையான அடி வேண்டும். இரண்டாவதற்கு மெதுவான, அகலமான காற்று போதும். அதற்குக் கம்ப்ரஸர் காற்றே வேண்டாம், ஒரு புளோயர் (காற்றூதும் விசிறி) போதும். இரண்டையும் ஒரே நாசிலால் செய்கிற மிஷின்களில் தேவைக்கு மேல் நேரம் காற்று திறந்து கிடக்கிறது. அடியின் நேரத்தைப் பாதியாக்கினால் சராசரியில் 3 டெசிபல், காற்றிலும் பாதி. டைமரைத் திருகுவதற்குக் காசு இல்லை.

## வால்வு சைலன்சர்

இதில் நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. காற்றால் தள்ளப்படும் சிலிண்டர் நகர்ந்தபின் வால்விலிருந்து வெளியேறும் காற்று "புஸ்" என்று போகும். அந்த வாயில் நுண்துளை வெண்கல அல்லது பிளாஸ்டிக் சைலன்சரைத் திருகினால் காற்று ஆயிரம் வழியில் மெதுவாகக் கசிந்து போகும், பெரிய குறைவு கிடைக்கும். விலை சில பத்து, சில நூறு ரூபாய்தான். தோல் தூளும் எண்ணெயும் சேர்ந்து அடைத்தால் சிலிண்டர் மந்தமாகும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். எவ்வளவு சிறியதானாலும் இது வெளியேறும் வாய்க்குத்தான், ஊதும் நாசிலுக்கு அல்ல. மாட்டிப் பார்த்த ஒருவர் "ஒச்சையே இல்ல, சூப்பர்" என்றார். தோலும் போகவில்லை.

## பெட்டி அடிப்பது

பெட்டி கட்டுவதில் மனத்துக்கு ஒரு திருப்தி உண்டு, ஏதோ பெரிதாகச் செய்ததுபோல. நன்றாகச் செய்தால் பலனும் பெரிது. ஆனால் ஓட்டை என்ற ஒன்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பெட்டியின் மேற்பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10தான். பருப்பு போடும் வாய், பருப்பு வரும் வாய், தோல் போகும் குழாய், மோட்டார் சூடு வெளியேற வழி என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு சுலபமாக வந்துவிடும். ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே பஞ்சுப்பூச்சு கொண்ட வளைந்த குழாய் வைக்க வேண்டும். அங்கேதான் பட்ஜெட் இரட்டிப்பாகும்.

உள்ளே வெறும் தகரமாக இருந்தால் சத்தம் உள்ளேயே எதிரொலித்துக் கூடும், ஓட்டை வழியே அதுவே வெளியே வரும். உள்பூச்சு வேண்டும். ஆனால் இது சாப்பிடும் பொருள். திறந்த ஸ்பாஞ்சோ கிளாஸ் வுல்லோ உதிர்ந்து பருப்பில் விழக் கூடாது; மெல்லிய உறை, அதன்மேல் துளைத் தகடு வேண்டும். ஆடி மழையில் ஸ்பாஞ்சில் பூஞ்சை பிடிக்கும். தோல் தூள் மூலையில் சேரும், அதற்குக் கதவு வேண்டும். கதவு திறந்து கிடக்கும். மூன்று மாதம் கழித்துப் போனால் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள், அதன்மேல் யாரோ டிபன் பாத்திரத்தை வைத்திருப்பார்கள். மிஷினைத் திறக்காமல் அரை ஷிப்டாவது ஓட்ட முடியும் என்றால் மட்டும் பெட்டியை யோசியுங்கள்.

காசு கேட்காத ஒரு சின்ன வழி இதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஜெட்டின் இரைச்சல் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் போவதில்லை. காற்று போகும் திசைக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் அதிகம். பின்பக்கம் குறைவு. மிஷினுக்குப் பருப்பு ஊட்டும் ஆளை நாசிலின் பின்பக்கம் நிறுத்தும்படி மிஷினைத் திருப்பி வையுங்கள், வெளியேறும் வாயை வெறும் சுவருக்குப் பதில் திறந்த வெளியைப் பார்க்கவிடுங்கள். தகரக்கூரை அறையில் எதிரொலி இந்த லாபத்தைக் கொஞ்சம் தின்னும், பரவாயில்லை.

## செவியை அடைப்பது

பிளக் விலை கொஞ்சம், பெட்டியின் மேல் 30 டெசிபல் என்று எழுதியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் யாரோ ஒழுங்காகத் திருகிச் சொருகிய எண் அது. ஸ்பாஞ்சு பிளக்குக்கு நடைமுறையில் பாதியைக் கழித்துவிடுங்கள். அதைவிடப் பெரிய ஓட்டை நேரத்தில் இருக்கிறது. எவ்வளவு நல்ல பிளக்கானாலும், சத்தமுள்ள நேரத்தில் பாதி மட்டும் போட்டிருந்தால் கிடைக்கும் மொத்தப் பாதுகாப்பு 3 டெசிபல். பத்தில் ஒன்பது பங்கு நேரம் போட்டால் 10. மீதி ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் கரைந்துவிடுகிறது.

ஏன் கழற்றுகிறார்கள் என்று பீலிங் அறையில் வேலை செய்யும் அக்காக்களிடம் கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். வியர்வையில் காது அரிக்கும். காதை முழுதாக மூடும் மஃப் போட்டால் தலைத்தொப்பியோடு சண்டை, கம்மல் குத்தும். பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காது. இவை எல்லாம் நியாயமான காரணங்கள், ஒழுங்கீனம் இல்லை. "செவி இரையுது" என்று சாயந்தரம் சொல்வதும் அவர்கள்தான். முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைக் கேட்கும் திறன். ஆரம்பத்தில் தெரியாது, வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள், பேத்தி மெல்லப் பேசினால் "என்ன?" என்பார்கள்.

குழித்துறை டயர் கடைக்கு நான் சொன்னது மஃப்தான். அங்கே சக்கர நட்டைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் ஒரு வண்டிக்குச் சில நிமிடம் ஓடும், ஒரே ஆள், கைக்கெட்டும் ஆணியில் மஃப் தொங்கும். எட்டு மணி நேரம் நிற்கும் பீலிங் அறைக்கு அதையே ஒரே மருந்தாகக் கொடுப்பது சரியல்ல.

## ஒரு பார்வையில்

| வழி | காதில் குறைவது | பருப்புக்கு | மறைந்த செலவு | இதுவே சரி என்ற இடம் |
|---|---|---|---|---|
| அழுத்தம் குறைப்பது | 6இலிருந்து 3 பார்: 5 டெசிபல் பக்கம் | தோல் ஒட்டும் அபாயம் | மறுசுற்று | போர்மா ஒழுங்காக உள்ள இடம் |
| பல துளை நாசில் | துப்பாக்கியில் 10 வரை | தூரம் கூடினால் தோல் போகாது | ஃபில்டர், அடைப்பு | தச்சு, சுத்தம் செய்யும் வேலை |
| காற்றை இழுக்கும் நாசில், புளோயர் | தோல் பறக்கவிடும் வேலையில் அதிகம் | உடைவு இல்லை | குழாய் மாற்ற வேண்டும் | கழற்றுவதும் பறக்கவிடுவதும் பிரிக்க முடிந்த மிஷின் |
| வால்வு சைலன்சர் | வெளியேறும் காற்றில் மட்டும் அதிகம் | பாதிப்பு இல்லை | மாதாந்தரக் கழுவல் | எல்லா இடத்திலும் |
| பெட்டி | 10 முதல் 20, ஓட்டையைப் பொறுத்து | பாதிப்பு இல்லை | சூடு, பூஞ்சை, கழற்றி வைத்த கதவு | அடிக்கடி திறக்கத் தேவையில்லாத மிஷின் |
| பிளக், மஃப் | எழுதியதில் பாதி. கழற்றினால் இன்னும் குறைவு | பாதிப்பு இல்லை | தினமும் பார்த்துக்கொள்ள ஆள் | விட்டு விட்டு வரும் சத்தம் |

## அண்டியாபீஸ்காரர் எதில் தொடங்குவது

ஒரே அறையில் நான்கு நாசில் இருந்தால், ஒன்றை மட்டும் முழுதாக அடக்கினாலும் குறைவது 1 டெசிபலுக்குச் சற்று மேல்தான். "ஒரு மிஷினில் பார்த்துவிட்டு மற்றதுக்குச் செய்யலாம்" என்று சொல்பவர்கள் பலன் இல்லை என்று ஒதுக்கிவிடுவது இதனால்தான். சோதனை ஓட்டும்போது மற்ற மூன்றையும் நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள்.

வரிசை என்னிடம் கேட்டால்: இந்த வாரம் வால்வு சைலன்சர், டியூப் கசிவு, மிஷினின் திசை, அடிக்கும் நேரம். அடுத்த மாதம் போர்மா, அதோடு சேர்த்து அரை அரை பாராக அழுத்தம். அதற்குப் பிறகு தோலைப் பறக்கவிடும் வேலையைப் புளோயருக்கு மாற்றுவது. பெட்டி கடைசி, அதுவும் கம்ப்ரஸருக்குத்தான் முதலில். அதற்குப் பருப்பு வாய் எதுவும் இல்லை. இவை நடக்கும் வரைக்கும், நடந்த பிறகும் 85க்கு மேல் நிற்கும் மீதிக்கும் பிளக். இரண்டு மூன்று வகை வாங்கி வைத்து, எது காதுக்கு ஒத்து வருகிறதோ அதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

அளக்க மீட்டர் இல்லை என்றால் ஒரே போன், ஒரே இடம், ஊட்டும் ஆளின் காது உயரம், முன்பும் பின்பும். போன் காட்டும் எண் சரியாக இருக்காது. வித்தியாசம் ஓரளவு சரியாக இருக்கும். ஜெட் காற்று மைக்கில் படாதபடி பிடியுங்கள், பட்டால் கண்டபடி எண் ஏறும். போனும் வேண்டாம் என்றால், ஒரு கை நீளத்தில் நின்று சாதாரணக் குரலில் "சாயா குடிச்சாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தால் இன்னும் 85க்கு மேல்தான் இருக்கிறீர்கள்.